ஒரு நாளைக்கு ஒரு கால்சுற்று

இதை நம்பும்படி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. பதினெட்டு வருடம் தாதியாக வேலை பார்த்தவள் நான். செத்தவர்களைக் கழுவித் துடைத்து, தாடையைக் கட்டி, பிரேத அறைக்கு அனுப்பியவள். இருட்டுக்கோ பிணத்துக்கோ பயந்தவள் அல்ல. ஆனால் 1976ஆம் ஆண்டு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஏழு இருபது வரை நெடுந்தீவில் நடந்ததை என் காதால் கேட்டேன். கண்ணாலும் கண்டேன். என்னோடு நின்று கேட்ட இன்னொருவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். டொக்டரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரை எழுத மாட்டேன்.

டொக்டர் குலவீரசிங்கம் எலும்பு முறிவுக்கான சத்திரசிகிச்சை நிபுணர். மிகவும் கெட்டிக்காரர், அதை மறைக்கக் கூடாது. வெளிநாட்டுக் கருவிகள் வந்து சேராத காலம் அது. அதனால் அவரே கருவி செய்வார். சைக்கிள் கம்பியைத் தீட்டி விரல் எலும்பைப் பொருத்தினார். பிளாஸ்டர் வெட்டும்போது குழந்தைகள் வீரிட்டு அழுகிறார்கள் என்று, தோலில் படாமல் வெட்டும் ஒரு கத்தரியை ஒரு பட்டறையில் மூன்று இரவு இருந்து அடிப்பித்தார். பாதம் திரும்பிப் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் அவர் செய்த தகரச் சப்பாத்தால் நடந்தார்கள். அந்தக் காலத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வதே எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அவர் ஓர் உருக்குச் சட்டத்தைச் செய்தார்.

இரண்டு உருக்குக் கம்பிகள், நான்கு நீண்ட ஆணிகள். ஆணிகள் தோலையும் தசையையும் துளைத்துத் தொடை எலும்புக்குள் இறங்கும். கம்பிகள் காலுக்கு வெளியே நிற்கும். நடுவில் ஒரு திருகு. ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பிழையாக நிற்கும் எலும்பை அது கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நேராக்கும். ஒரு நாளைக்கு ஒரு கால்சுற்று, அதாவது முழுச் சுற்றில் நாலில் ஒரு பங்கு. அதைத் திருகும்போது 'கிறிக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரே ஒரு சத்தம்.

அதை முதன்முதலில் போட்டது சில்வெஸ்ரருக்கு. நெடுந்தீவுக் கடற்றொழிலாளி, முப்பத்துநாலு வயது. வள்ளத்தைக் கரையேற்றும்போது உருளைக்கட்டை நழுவித் தொடை முறிந்தது. மூன்று கிழமை பிந்தித்தான் எங்களிடம் கொண்டு வந்தார்கள். சட்டத்தைத் திருகும் வேலை என்னுடையது. தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு.

முதல் இருபது நாளும் நல்லாகத்தான் போனது. பிறகு ஆணி இறங்கிய இடங்களில் சீழ் வைத்தது. காய்ச்சல் வந்தது. திருகுச்சாவியோடு நான் கட்டிலடிக்குப் போனால் அந்த மனிசன் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"மிஸ்ஸி, இண்டைக்குப் போதும். கழட்டச் சொல்லுங்கோ."

நான் டொக்டரிடம் சொன்னேன். ஒருமுறை அல்ல. லண்டனில் ஒரு மகாநாட்டுக்கு அந்தக் காலின் படங்கள் அவருக்குத் தேவைப்பட்டன. பாதியில் கழற்றினால் எல்லாம் வீண். கட்டிலடியில் நின்று சில்வெஸ்ரரின் முகத்தைப் பார்க்காமல் சட்டத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் ஒரே பதில்.

"இன்னும் கொஞ்சம்."

நூற்றுமூன்று பாகை காய்ச்சல் இருந்த அன்று, நோயாளியின் பதிவில் "நோயாளி நலம், காய்ச்சல் இல்லை" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். எனக்கு அப்போது நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. அவருடைய ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. அதற்காகத்தான் எழுதினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நாற்பத்தேழாம் நாள் விடியற்காலையில் சில்வெஸ்ரர் செத்துப்போனார். இரத்தம் முழுக்க விஷம் ஏறியிருந்தது. நிமோனியா என்று எழுதினார்கள். பிணத்தின் காலிலிருந்து சட்டத்தைக் கழற்றும்போது டொக்டர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"கவனம் மிஸ்ஸி. வளைச்சுப் போடாதையும்."

சட்டத்தை அவித்துத் துடைத்தோம். அது லண்டனுக்குப் போய் வந்தது. பாராட்டுப் பத்திரமும் வந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சங்கத்தார் நெடுந்தீவில் இலவச மருத்துவ முகாம் வைத்தார்கள். டொக்டர் தானாகவே வருகிறேன் என்றார். குறிகட்டுவானில் படகேறும்போது அவர் கையில் அந்தச் சட்டம் வைக்கும் கறுப்புப் பெட்டி இருந்தது. நான் கேட்டேன்.

"சேர், உது ஏன் இப்ப?"

"இன்னும் ரெண்டு, மூண்டு பேருக்குப் போட்டுப் பார்க்க வேணும். தீவுச் சனம் கேள்வி கேளாது."

முகாம் ஒரு பழைய கல்வீட்டில் நடந்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் தம்பு அண்ணை. இரவு அங்கேயே தங்கி மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு.

பின்னேரம் நாலு மணிக்கு நாகபூசணி என்ற பெண் வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். மாட்டுத் தொழுவத்தின் கல்மதில் இடிந்து விழுந்து தொடை முறிந்திருக்கிறது. கோணலாகப் பொருந்தி விட்டதால் கெந்திக் கெந்தி நடந்தாள். டொக்டரின் கண் பளிச்சென்றது.

"நாளைக்கு எங்களோட வாரும். நான் நேராக்கி விடுறன்."

"நடப்பனோ டொக்டர்?"

"நடக்கிறதோ? ஓடலாம்."

அவள் வாயெல்லாம் சிரிப்பாகப் போனாள். நான் பஞ்சைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். 

4.40. கடைசியாக ஒரு பெண் படியேறி வந்தாள். கறுப்புச் சேலை. நோயாளித் துண்டுச்சீட்டும் எடுக்கவில்லை, கதிரையில் இருக்கவும் இல்லை. எனக்கு அடையாளம் தெரிந்தது. சில்வெஸ்ரரின் மனிசி ஜசிந்தா. டொக்டருக்குத் தெரியவில்லை.

"என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

"எனக்கொண்டும் இல்லை. டொக்டர் வந்திருக்கிறார் எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"ஆருக்கு?"

"என்ர மனிசனுக்கு."

திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். டொக்டர் சிரித்தார். "விசரி போல, மூளை சரியில்லை" என்றார். ஆர் அது என்று நான் சொல்லவில்லை.

5.35. டொக்டர் கிணற்றடியில் கை கழுவிவிட்டு வந்தார். விறாந்தையில் ஏறியவர் நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"மிஸ்ஸி, ஆற்றையேன் புண்ணைக் கழுவினனீரோ?"

"இல்லை சேர்."

எனக்கும் மணத்தது. சீழ் மணம். அதோடு ஸ்பிரிட்டும் கலந்த மணம். அன்று வந்த ஒருவருக்கும் புண் இருக்கவில்லை.

5.50. அவர் வலது தொடையைத் தடவிக்கொண்டிருந்தார். "விறைச்சுப் போச்சு, கொஞ்சம் கட்டில்ல சரியப்போறன்" என்றார். அறைக்குள் போனார். கறுப்புப் பெட்டி உள்ளே மேசையில்தான் இருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது.

நான் விறாந்தையில் இருந்து நோயாளிகளின் துண்டுகளை அடுக்கினேன். தம்பு அண்ணை லாம்பு கொளுத்தினார். மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது. காற்று விழுந்து கிடந்தது. ஒரு மாடு கூடக் கத்தவில்லை.

கைமணிக்கூட்டைப் பார்த்தேன். சரியாக ஆறு.

கிறிக்.

துண்டு கையிலிருந்து நழுவியது. அந்தச் சத்தத்தை வேறு எதனோடும் நான் மாறாட மாட்டேன். நாற்பத்தாறு நாள் இந்தக் கையால் திருகியவள்.

டொக்டர் பெட்டியைத் திறந்து பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

6.01. கிறிக்.

6.02. கிறிக்.

நிமிடத்துக்கு ஒன்று. பிசகவே இல்லை.

"உள்ளுக்கு என்ன செய்யிறார், பிள்ளை?" தம்பு அண்ணை கேட்டார்.

"தெரியேல்லை அண்ணை."

6.15. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். "சேர்?"

 கதவிடுக்கால் அந்த மணம் வந்தது. இப்போது அது தாங்க முடியாமல் இருந்தது.

கிறிக்.

உள்ளே டொக்டர் முனகினார். பிறகு பேசினார். அவருடைய குரல்தான். ஆனால் அப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"மிஸ்ஸி... இண்டைக்குப் போதும்..."

கதவில் காதை வைத்தேன்.

"கழட்டச் சொல்லுங்கோ..."

அப்போது உள்ளே இன்னொரு குரல் கேட்டது. மெதுவான குரல். கோபமே இல்லாத குரல். கடற்கரையில் ஆளை ஆள் கூப்பிட்டுக் கரகரத்துப்போன குரல்.

"இன்னும் கொஞ்சம், டொக்டர்."

தம்பு அண்ணை என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடி நின்றது.

"உள்ளுக்கு ஆர் மற்றது?"

நான் கதவைத் தோளால் இடித்தேன்.

கிறிக்.

"அம்மா..." என்று டொக்டர் கத்தினார்.

"இன்னும் கொஞ்சம்."

தம்பு அண்ணை ஓடிப்போய்க் கதவை நெம்ப அலவாங்கைக் கொண்டு வந்தார். கதவு கனத்த முதிரைப் பலகை. அசையவில்லை. நான் யன்னலுக்கு ஓடினேன். கம்பி போட்ட யன்னல். உள்ளே இருட்டு.

இருட்டுக்குள் கட்டில் மட்டும் தெரிந்தது.

கட்டிலடியில் யாரோ குனிந்து நின்றார்.

நான் எப்படிக் குனிந்து நிற்பேனோ... அப்படி.

கிறிக்.

கண்ணை மூடிக்கொண்டேன். செபம் வாயில் வரவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சில்வெஸ்ரர் அண்ணை" என்றுதான் வந்தது. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

ஏழு பத்து.

ஏழு பதினைந்து.

டொக்டரின் குரல் நின்றுவிட்டது. திருகும் சத்தம் நிற்கவில்லை.

7.20. கதவு பிளந்தது. சத்தமும் அதோடு நின்றது.

தம்பு அண்ணை லாம்பை உயர்த்தினார்.

உள்ளே டொக்டர் மட்டும்.

மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. வலது தொடையில் சட்டம். நான்கு ஆணியும் உள்ளே இறங்கியிருந்தன.

வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

அவரைக் கரைக்குக் கொண்டுபோக அந்த நேரத்தில் படகு இல்லை. தம்பு அண்ணை ஓடித் திரிந்து ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவர் மரியநாயகம், சில்வெஸ்ரரின் தமையன். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"தூக்குங்கோ. என்ர தம்பியின்ர சவமும் இதே வள்ளத்திலதான் வந்தது."



டொக்டர் சாகவில்லை. கால் போனது. தொடையோடு எடுத்தார்கள். பிறகு அவர் கத்தியைத் தொடவே இல்லை. அந்த அறையில் என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் சுவரைப் பார்ப்பார். நாகபூசணியை வேறொரு நிபுணரிடம் நானே கூட்டிப்போனேன். முழுக்க நேராகவில்லை. ஆனாலும் நடக்கிறாள்.

டொக்டரின் காலை எடுத்த சத்திரசிகிச்சை நிபுணர் அவரைப் பற்றி ஒன்றும் அறியாத புதியவர். எடுப்பதற்கு முன் பிடித்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். தொடை எலும்பு முறிந்து, இழுபட்டு, முறிந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்திருந்தது. ஆணிகளைச் சுற்றியும் எலும்பு வளர்ந்து இறுகியிருந்தது.

"இது போட்டுப் பதினொரு கிழமையாவது இருக்கும், மிஸ்ஸி. இவ்வளவு நாளும் ஏன் கொண்டு வரேல்லை?"

 அதே சனிக்கிழமை காலையில் நெடுந்தீவின் மாவிலித்துறையில் படகு கட்டுமுன்னரே பாய்ந்து இறங்கியவர் அந்த மனிசன். அதை நூறு பேர் கண்டார்கள். நிமிடத்துக்கு ஒன்றாக எண்பது கால்சுற்று; ஒரு நாளைக்கு ஒன்று என்றால் எண்பது நாள்.

இரண்டு மாதம் கழித்து நான் தனியாக நெடுந்தீவுக்குப் போனேன். ஜசிந்தா வீட்டு வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தாள். நான் பதிவில் பொய் எழுதியதைச் சொன்னேன். நியமனத்துக்காக எழுதினேன் என்பதையும் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் குடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும் மிஸ்ஸி. அவர் சொன்னவர்."

கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"உங்களை விட்டுவிடச் சொல்லி நான் அவரைக் கேட்டனான். மூண்டு தரம் கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

ஜசிந்தா கடலைப் பார்த்தாள்.

"அவர் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை."