ஸ்டீரிங்குக்கு ஊற்றிய ஆயில்

போன வாரம் காரை சர்வீசுக்கு விடத் திருப்பதி போயிருந்தேன். குறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஸ்டீரிங் ஆயிலையும் மாத்திடுங்கம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "இதுல ஆயிலே இல்ல சார். மோட்டாரே திருப்பிடும்" என்றாள். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். பக்கத்து வண்டிக்கு யாரோ பிரேக் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

நான் சித்தூரில் வேன் ஓட்டிய காலம் அது. ஆந்திரா பிரிந்து, எல்லைத் தகராறும் தீர்ந்தபோது எங்கள் ஊர் பாலசமுத்திரம் ஆந்திரப் பக்கமே நின்றுவிட்டது என்று நைனா சொல்வார். கோடு எங்கே போனால் என்ன, வேலைக்கு நான் வந்து நின்றது சித்தூரில்தான். முதலாளி வேலை சொல்வது தெலுங்கில், திட்டுவது தமிழில். தெலுங்கு பேசுகிற வரைக்கும் நமக்கு ஆபத்தில்லை.

அவர் வாங்கிய பழைய வேன் ஒன்றில் பவர் ஸ்டீரிங் இருந்தது. ஒரு விரலால் திருப்பலாம். எங்களுக்கு அது பெரிய அதிசயம். கங்காதர நெல்லூர்க்காரர் முனிரத்தினம் அண்ணன்தான் அதற்கு மூத்த டிரைவர், நான் புதுசு. டப்பாவில் ஆயில் கறுத்துப்போயிருக்கிறது, மாற்றி வை என்று முதலாளி எனக்குச் சொன்னார். முன்சக்கரங்களை ஜாக்கி போட்டுத் தூக்கி, டியூபைக் கழற்றி, ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பழைய ஆயிலைப் பேசினில் இறக்கினேன். அதுவரைக்கும் நன்றாகத்தான் செய்தேன்.

ஊற்ற வேண்டியது சிவப்பு ஆயில். கடையில் இல்லை, இரண்டு நாள் ஆகும் என்றார்கள். விடிந்தால் ஒரு குடும்பம் மொட்டை போடத் திருமலைக்குப் போகிறது. ஷெட்டில் பிரேக் ஆயில் இருந்தது. ஓடுகிற வண்டியையே நிறுத்துகிற ஆயிலுக்குச் சக்கரத்தைத் திருப்பத் தெரியாதா என்று நினைத்தேன். அப்படியொரு மூளை எனக்கு. ஊற்றிவிட்டு, கேனைக் கழுவி மறைத்தும் வைத்தேன்.

மறுநாள் வண்டியை எடுத்துப் போனவர் முனிரத்தினம் அண்ணன். சந்திரகிரி தாண்டுவதற்குள் பம்ப் ஊளையிட ஆரம்பித்து, ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. மலையேறாமல் அலிபிரி அடிவாரத்தில் ஜனங்களை பஸ் ஏற்றிவிட்டு, வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த வளைவுகளில் ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும்!

மெக்கானிக் பார்த்துவிட்டு, தப்பான ஆயில், ரப்பரெல்லாம் ஊறிப்போய்விட்டது என்றார். முதலாளி என்னைக் கேட்டார். "நான் சேப்புதான் ஊத்தினேன்" என்றேன். அப்படியென்றால் வழியில் முனிரத்தினம்தான் எதையோ ஊற்றியிருக்க வேண்டும். "நான் ஒண்ணும் ஊத்தலைங்க" என்பதற்குமேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய பதினோரு வருஷ வேலை போகப்போகிறது. வீட்டில் மூன்று பிள்ளைகள். நான் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. சோறு மட்டும் இறங்கவில்லை.

நான்காம் நாள் முதலாளி, "ரேப்பு காணிப்பாக்கம் போதாம். ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க" என்றார். நாளைக்குக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகலாம் என்கிறார். எங்கள் பக்கத்தில் இதற்குமேல் கோர்ட்டு இல்லை. கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அங்கே பொய் சொன்னவன் உருப்பட்டதாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

காலையில் மூவரும் போனோம். முனிரத்தினம் அண்ணன் சட்டையைக் கழற்றினார், முழுகினார், சொட்டச் சொட்டப் படியேறி வந்தார். அடுத்தது நான். முதல் படியில் கால் வைத்தவன், முதலாளி பக்கம் திரும்பினேன்.

"நான்தாங்க ஊத்தினேன். பிரேக் ஆயிலு."

முதலாளி தமிழில் ஆரம்பித்தார். குளத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் வம்சத்தில் ஒருவரையும் விடவில்லை. நானோ, திட்டத் திட்டப் பாரம் இறங்குகிறமாதிரி நின்றேன். மூச்சு வாங்க நிறுத்தியவர், "சரே, ஸ்நானம் சேசி ரா. சாமியைப் பாத்துட்டுப் போதாம்" என்று, குளித்துவிட்டு வரச் சொல்லித் தெலுங்குக்கு மாறினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே இட்லிக் கடையில் முனிரத்தினம் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "துன்னுடா, நாலு நாளா நீ துன்னவேயில்ல" என்றார்.

"உனுக்கு முன்னமே தெரியுமாண்ணா?"

"சந்திரகிரியிலயே மூடியத் தொறந்து மோந்து பாத்தேன். வேற யாரு ஊத்தியிருப்பா?"

"அப்போ இன்னாத்துக்குண்ணா சொல்லல?"

"நான் சொன்னா உன்ன அன்னிக்கே அனுப்பிச்சிருப்பாரு. நீயா சொன்னா திட்டிட்டு உட்டுடுவாரு. நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். இன்னிக்கும் சொல்லாம பூடுவியோன்னு கொஞ்சம் பயம்தான்."

ரப்பர் மாற்றி, இரண்டு பேருமாகச் சேர்ந்து சிவப்பு ஆயில் ஊற்றினோம். வண்டி இன்னும் ஆறு வருஷம் மலையேறியது.

அந்த வேன் இப்போது இல்லை. ஷெட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். முதலாளி குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டார். முனிரத்தினம் அண்ணன் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இப்போதும் நான் தப்பு செய்யாமல் இல்லை. செய்தால் உடனே சொல்லிவிடுகிறேன். நானாகச் சொல்லட்டும் என்று தன் வேலையைப் பணயம் வைத்து நான்கு நாள் காத்திருக்க இனி யார் இருக்கிறார்கள்?