அத்தை விட்டுக்கொடுத்த இடம்

என் அத்தை, அப்பாவின் அக்கா, தையல்காரி. பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தருவதுதான் பிழைப்பு. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். என் அப்பாவோடு அவர் பேசாமலிருந்த ஏழு வருடமும் அந்த ஊசிகள் வெளியே வரவில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

சண்டைக்குக் காரணம் நான். தனியாக ஊர் சுற்ற அப்பா என்னை அனுப்பியது அத்தைக்குப் பொறுக்கவில்லை. பெண்ணைத் தொலைத்தவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, மிதிக்கவில்லை.

போன மாதம் நான் திரும்பி வந்தேன். பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. அத்தைக்கும் நான் வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. தைத்ததைப் பிரிப்பதும், பிரித்ததைத் தைப்பதுமாக இருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்குக் கோயில் பீடத்தின் ஊதாத் துணியைத் தைத்துக் கொடுப்பது அவர்தான். அந்தக் காலம் தொடங்கும்முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பார். துணி நேரத்துக்குப் போய்ச் சேரும். அவர் சேர மாட்டார். சனிக்கிழமை மாலை வரிசையில் நிற்பார். முறை நெருங்கியதும் பின்னால் இருப்பவரிடம், "நீங்க முன்னால போங்க" என்பார். சாமியார் எழுந்து போகும்வரை இதே கதைதான். கோயிலில் அவருக்கு 'நீங்க போங்க அம்மா' என்றே பெயர்.

இந்த வருடம் அவருக்குப் பின்னால் நான் நின்றேன். விடிந்தால் திருவருகையின் முதல் ஞாயிறு. பீடத்தில் புது ஊதாத் துணி விரித்திருந்தது. ஓரத் தையல் ஓரிடத்தில் கோணியிருந்தது. அத்தை கோணலாகத் தைத்து நான் பார்த்ததில்லை.

முறை வந்தது. "நீ போடி" என்றார்.

"மாட்டேன் அத்தை. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். "நீ வராம இருந்திருந்தா எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும்" என்றார். பிறகு சட்டென்று தன் கைப்பையை என் கையில் திணித்தார்.

"சாமியார்கிட்ட சொல்றதுக்கு முன்னால உங்கப்பன்கிட்ட சொல்லணும். என் இடத்தப் பிடிச்சு வை."

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

எந்த ஊரிலும் இரண்டு மாதம் தங்காத நான், ஒரு தூணருகே அசையாமல் நின்றேன். பின்னால் வந்தவர்களிடமெல்லாம் "நீங்க முன்னால போங்க" என்றேன். "வாரிசா?" என்று கேட்டுவிட்டுப் போனார் ஒரு பெரியவர். வாசலைப் பார்ப்பதும் சாமியாரை மறைத்த திரையைப் பார்ப்பதுமாகக் கழுத்து வலித்தது. கடைசி ஆளும் எழுந்து வந்துவிட்டார்.

அப்போதுதான் மூச்சிரைக்க வந்தார் அத்தை.

"அப்பா என்ன சொன்னாரு?"

"சட்டையில பட்டன் தொங்குதுன்னு காட்டினான். இத முடிச்சிட்டு ஊசி நூலோட வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

பையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் திரைக்கு முன் போய் முழங்காலிட்டார்.