காகத்துக்கு வைத்த வெள்ளைச் சட்டி

"உனக்கு உடம்பெல்லாம் மூக்கு" என்று என் கணவர் கேலி செய்வார். பினாங்கில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடியில் அப்படிப்பட்ட மூக்கோடு வாழ்வது லேசான காரியமில்லை. கீழே சாக்கடை, பின்சந்தில் கக்கூஸ் வாளிகள், எதிரே கருவாட்டுக் கடை. தினமும் இரண்டு தடவை மாடியைக் கழுவிவிடுவேன். அப்படியும் குமட்டும். அப்பா இறந்த வருடம் இதெல்லாம் போதாதென்று பறவைகளும் வந்து சேர்ந்தன.

அப்பா ஒரு துரையின் பங்களாவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். தோட்ட வேலை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். வேலை முடிந்து வந்தால் தெருக்குழாயில் சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் வாசற்படி ஏறுவார். அதற்கு முன்னால் என்னைத் தொடக்கூட மாட்டார். என் சுத்தம் அப்பாவிடமிருந்து வந்தது என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வேன்.

அவர் போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். அமாவாசையன்று அப்பாவுக்குப் படைத்த சோற்றைக் காகம் எடுக்க வேண்டும். அதுவரை அம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஆனால் எங்கள் தெருவில் ஏது காகம்? இரண்டொன்று மீன் சந்தைப் பக்கம் திரியும், அவ்வளவுதான். எங்கள் கூரைக்கு வந்ததெல்லாம் மைனா. "மைனா தின்னா உங்கப்பா தின்னதாயிடுமா?" என்று அம்மா கேட்பாள். மூன்று அமாவாசை விளக்கு வைக்கிற நேரம்வரை பட்டினி கிடந்தாள். மூன்றாவது தடவை மயங்கி விழுந்தாள். இன்னும் ஓர் அமாவாசை இப்படிப் போனால் அம்மாவும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"காக்காய்க்கு நம்ம வீட்டைப் பழக்கி விட்டாப் போச்சு, அத்தை" என்றார் என் கணவர். சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்களின் வீட்டுச் சாமான்களை ஏலம் விடும் கடையில் அவர் வண்டியேற்றும் வேலை செய்தார். யாரும் கேட்காத உடைசல்களெல்லாம் எங்கள் மாடிக்கு வந்தன. விரிசல் விட்ட விளக்குச் சிம்னியைத் தலைகீழாகக் கட்டி, அடியில் சிரட்டையை வைத்து, அரிசி கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும்படி செய்தார். துணி போன குடையை விரித்துத் தொங்கவிட்டு, கம்பிக்கு ஒரு பால் டின்னாக மாட்டினார். மூடியில்லாத தேநீர்க் கெண்டியையும் விட்டுவைக்கவில்லை. காகத்தை இழுக்க அதிலெல்லாம் கருவாட்டுத் தலைகளைப் போட்டார்.

என் வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்வது! மழை பெய்தால் பால் டின்களில் அரிசி ஊறிப் புளித்து நுரை தள்ளும். கருவாட்டுத் தலைகளில் புழு நெளியும். கொடிக்கயிற்றில் எலி நடக்கும். துவைத்துக் காயப்போட்ட புடவையில் மைனா எச்சம் பச்சையும் வெள்ளையுமாய் வழியும். "இது வீடா, குப்பைமேடா?" என்று கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு டின்னுக்குத் துளை போடுவார். ஆனால் அவர் சொன்னது பலித்தது. கருவாட்டு வாடைக்கு ஒரு காகம் வர ஆரம்பித்தது. தூரத்து ஓட்டிலேயே உட்கார்ந்திருக்கும், கிட்டே வராது.

அடுத்த அமாவாசைக்கு முதல் நாள் அவர் ஒரு வெள்ளைச் சட்டி கொண்டுவந்தார். பீங்கான் பூசிய இரும்பு, நீல விளிம்பு, ஒரு பக்கம் கைப்பிடி. அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "நாளைக்கு இதுலதான் சோறு" என்றாள். இத்தனை உடைசலுக்கு நடுவே ஒரு சுத்தமான பாத்திரம் வந்ததே என்று எனக்கும் சந்தோஷம்தான்.

மறுநாள் அம்மாவே அதில் சோறும் பருப்பும் வடையும் வைத்து, சாயாமல் கயிறு கட்டிக் குடைக் கம்பியில் மாட்டினாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். காகம் ஓட்டிலிருந்து நேராக வந்து சட்டி விளிம்பில் உட்கார்ந்து, வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் இலை போட்டேன்.

அவள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி வெற்றிலை கேட்டு வந்தாள். வெள்ளைக்காரர் வீட்டில் ஆயா வேலை பார்ப்பவள். பின்பக்கம் தொங்கிய சட்டியைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, இதுலயா படையல் வச்சீங்க? துரைமாரு கட்டிலுக்கு அடியில வைக்கிற மூத்திரச் சட்டி லா இது!"

நான் ஓடிப்போய் அங்கணத்தில் வாந்தியெடுத்தேன். அப்பாவின் சோற்றை அதிலா போட்டோம்! அம்மாவுக்குத் தெரிந்தால் இனி ஒரு பருக்கை தொடமாட்டாள் என்று நினைத்துச் சட்டியைக் கழற்றி ஒளிக்கப் போனேன்.

"அத அங்கேயே வைடி" என்றாள் அம்மா. அவள் கை இலையில்தான் இருந்தது. "எனக்குத் தெரியாதா அது என்னன்னு? துரை வீட்டுல உங்கப்பாவுக்குத் தோட்டம் எங்க இருந்துச்சு? இருபது வருசம் தெனம் காலையில இந்த மாதிரிச் சட்டியத்தான் தூக்கினாரு, கழுவினாரு. அந்தக் காசுலதான் நீ சோறு தின்ன. மூணு அமாவாசையா வராத மனுசன் இன்னிக்கு வந்தாரு பாத்தியா? வேற எந்தச் சட்டிக்கு வருவாரு?"

பிறகு அவள் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நான்தான் பரிமாறினேன். ஒரு நொடி, ஒரே நொடி, என் அப்பாவின் கைகளை நினைத்து எனக்கு அருவருப்பு வந்தது. என் வாழ்நாளில் நான் பட்ட அருவருப்புகளிலேயே கேடுகெட்டது அதுதான். புழுவும் எச்சமும் அதற்கு எவ்வளவோ மேல்.

"கழுவி வை, அடுத்த மாசத்துக்கு வேணும்" என்றாள் அம்மா. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் கழுவினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பிடித்துக்கொண்டுதான் கழுவினேன்.