வெள்ளை இமைப் பூதம்

இராஜபாளையம், ஆகஸ்ட் 1986. அணுகுண்டு எதிர்ப்பு ஊர்வலத்துக்காக எங்கள் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நிற்கிறேன். கம்பில் கட்டிய துணியில் வரைந்த பூதத்தின் அருகே, ஊர்வலத்தை நடத்துபவர் கறுப்பு வண்ண டப்பாவுடன் நிற்கிறார்.

"கொம்பு, பல்லு வைக்காட்டி இது கடைசியிலதான் போகும், மாரியம்மா," என்கிறார்.

தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெளுத்த மனித முகம் அது. வரைந்த மாரியம்மாள் பஞ்சு அரைவை மில் தொழிலாளி. எதைப் பார்த்து வரைந்தார் என்று தயங்கிக் கேட்கிறேன்.

"ஷிப்ட்டு முடிஞ்சு வாரப்ப எங்க மொகம் இப்படித்தான் இருக்கும், தங்கச்சி. குண்டு போட்டா சாம்பலும் இப்படித்தான மூடும்?"

"உங்க முகத்தையேவா பூதமாக்கினீங்க, அக்கா?"

"எங்களுக்குக் குளிச்சா போயிரும். அந்தச் சாம்பல் போகாதுல்ல? அதான் பூதம்."

மில்லிலிருந்து நேராக வந்த பெண்கள், பஞ்சு அப்பிய முகங்களோடு படத்தைச் சூழ்கிறார்கள்.

"ஏட்டி, நம்மளையேல்லா வரைஞ்சிருக்கா!" என்று ஒருத்தி சிரிக்கிறாள்.

ஊர்வலத்தை நடத்துபவர் அம்முகங்களையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். டப்பாவை மூடுகிறார்.

"சரிம்மா, இதே மொதல்ல போகட்டும்."

ஊர்வலம் நகர்கிறது. எங்கள் பேருந்தின் சன்னலோரத்தில் ஒரு தாய் தன் குழந்தையின் கண்களைப் பொத்துகிறாள். அதைக் கண்ட மாரியம்மாள், கம்பை இன்னும் உயரத் தூக்குகிறார்.