செவ்வாய், வெள்ளி கடைசிப் பீரியட்

சென்ற வாரம் பேத்தியின் பள்ளிக்கூட டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறு என்ன வேலை? கால அட்டவணையில் ‘இசை’ என்று அச்சிட்டிருந்த இரண்டு கட்டங்களைப் பென்சிலால் அடித்து, ‘கணக்கு’ என்று எழுதி வைத்திருந்தாள். “மேத்ஸ் மிஸ் வாங்கிக்கினாங்க தாத்தா” என்றாள், பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கியதைச் சொல்வது போல. அதற்கப்புறம் எனக்குக் காபி இறங்கவில்லை.

நானும் அப்படி வாங்கியவன்தான். எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ். திருக்கழுக்குன்றத்தில், விடியற்காலையிலேயே மீன் விற்று முடித்த குப்பத்துப் பெண்கள் காலிக் கூடைகளோடு ஏறுவார்கள். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இருபத்து மூன்று வயது, புது டெரிலின் சட்டை, கேட்க வேண்டுமா? இன்று அந்த வாடை எங்கே வந்தாலும் எனக்குக் கன்னியம்மாவின் ஞாபகம்தான் வருகிறது.

கன்னியம்மா, நான் வகுப்பாசிரியராக இருந்த எட்டாம் வகுப்பில் படித்த குப்பத்துப் பெண். கணக்கில் முட்டை. விரல்விட்டுத்தான் கூட்டுவாள், என் வகுப்பில் விரல்விட்டால் பிரம்பு பேசும். ஒருநாள் கடைசிப் பீரியடில் பாட்டு வகுப்புப் பக்கமாகப் போனேன். பாட்டு டீச்சர் சுருதிப் பெட்டியை அமுக்கிக்கொண்டிருக்க, கன்னியம்மா எழுந்து நின்று தொடையில் தட்டி விரல் எண்ணித் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். கரகரத்த, பெரிய குரல். மற்றப் பிள்ளைகள் அவளைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்கள். எட்டு எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு அது கணக்காகவே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

அவள் தினமும் வரமாட்டாள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ‘வருகை’, மற்ற நாளெல்லாம் ‘விடுப்பு’. சரி, அந்த இரண்டு நாளும் இவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள் போலிருக்கிறது, அதனால் பெண்ணை அனுப்புகிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கொளவாய் ஏரியைத் தாண்டி ஒரு தண்ணீரையும் அறியாதவன், கடலைப் பற்றித் தலைமையாசிரியருக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் மெச்சிக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தக் காரியம் செய்தேன். அரையாண்டுத் தேர்வில் வகுப்பே கணக்கில் படுத்துவிட்டது. கன்னியம்மா போன்றவர்கள் வருகிற நாளாகப் பார்த்துக் கூடுதல் கணக்கு எடுத்தால் தேற்றிவிடலாம் என்று, செவ்வாய், வெள்ளி கடைசிப் பீரியடைக் கேட்டேன். இரண்டும் பாட்டு. பாட்டு டீச்சர் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார், கொடுத்தே பழகியவர். அன்று மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

“எத்தனை வாரத்துக்கு சார்?”

“பாட்டுக்குப் பரீட்சையா டீச்சர் வைக்கப் போறாங்க?” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டே வாரம். கன்னியம்மா செவ்வாயும் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. பொங்கல் கழித்துக் குப்பத்துக்குப் போனேன். அவள் அம்மா மணலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பெண் பின்னால் கூடை முடைந்துகொண்டிருந்தாள்.

“கடலுக்குப் போகாத நாள்லகூட அனுப்ப மாட்டேங்கிறீங்களேம்மா” என்றேன்.

“கடலுக்கு செவ்வா இன்னா, வெள்ளி இன்னா சார்? மீனு மாட்ற அன்னிக்கிப் போறதுதான்” என்றார் அந்த அம்மா. “அதுதான் ரெண்டு நாளு பாட்டு கீது, பாட்டு கீதுன்னு அழுதுகினு ஓடும். எனுக்குக் கூடை தூக்க ஆளில்லேன்னாலும் வுட்டேன். இப்ப பாட்டு இல்லியாமே. கணக்கு கத்துக்க இன்னாத்துக்கு அங்க வரணும், என்னாண்ட மீனு வித்தா வந்துட்டுப் போவுது.”

பாட்டுக்காக வந்தவள் அந்த இரண்டு நாளிலும் மீதி ஏழு பீரியடும் உட்கார்ந்து தமிழ் படித்தாள், பூகோளம் படித்தாள், என்னிடம் அடியும் வாங்கினாள். அவளைப் பள்ளிக்கூடத்தோடு கட்டியிருந்த ஒரே கயிற்றை நான் அறுத்திருந்தேன், அவளைத் தேற்றுவதற்காக.

கன்னியம்மா கூடையிலிருந்து தலை நிமிர்ந்தாள். “மறுபடி பாட்டு கிளாஸு வருமா சார்?”

“ஜூன்ல வரும்மா. நான் சொல்றேன்ல.”

வரவில்லை. ஏப்ரலில் இன்ஸ்பெக்ஷன் வந்தது. பாட்டு வகுப்பே நடப்பதில்லை, பணியிடம் எதற்கு என்று எழுதிவிட்டுப் போனார்கள். பாட்டு டீச்சரைக் கருங்குழிப் பக்கம் மாற்றினார்கள். போகும்போது என்னிடமும் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டுதான் போனார். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஜூன் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, எண்ணெய் வைத்து வாரி, ரிப்பன் கட்டி, தேறாமல் போன அதே எட்டாம் வகுப்புக்குக் கன்னியம்மா வந்தாள். கடைசிப் பீரியடில் கணக்குப் புத்தகத்தோடு நான் உள்ளே நுழைந்தேன்.

“பாட்டு டீச்சர் எங்க சார்?”

“மாத்திட்டாங்கம்மா.”

“வேற டீச்சர்?”

“தெரியல.”

அழவில்லை, கோபிக்கவும் இல்லை. உட்கார்ந்து, போட்ட கணக்கையெல்லாம் விரல்விட்டுச் செய்தாள். நான் பிரம்பைத் தொடவில்லை. மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் வரவேயில்லை.

தொடர்ந்து வராதவர்களின் பெயரை நீக்கும்போது வகுப்பாசிரியர் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். “என்னா சார் காரணம், சீக்கிரம் எழுதுங்க” என்று தலைமையாசிரியர் அவசரப்படுத்தினார். ‘பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை’ என்று எழுதினேன். கூடை தூக்க ஆளில்லாமல் வாரத்துக்கு இரண்டு நாள் பெண்ணை விட்டுக்கொடுத்த அந்தத் தாயைப் பற்றி, அழகான கையெழுத்தில்.

போன வருடம் போய்ப் பார்த்தேன். குப்பம் இருந்த இடத்தில் ஒரு உல்லாச விடுதியின் மதில் நிற்கிறது. கன்னியம்மாவையோ அவள் அம்மாவையோ தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பாட்டு டீச்சர் பணியிடம் அந்தப் பள்ளிக்குத் திரும்பி வரவே இல்லை. பழைய பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டதால் கொளுத்திவிட்டோம் என்றார் பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண். அன்று நான் எழுதிய காரணத்தை அடித்துவிட்டு, ‘காரணம்: வகுப்பாசிரியர்’ என்று என் கையாலேயே எழுத வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.