ரெண்டு பர்சன்ட்

ஊருக்குச் சட்டை தைத்துக்கொடுக்கும் அந்தப் பெண்ணை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்தத் துணியைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிச் சொல்லி, வாடிக்கையாளர்கள் மத்தியில் "நாளைக்கு அக்கா" என்றே ஆகிவிட்டார். இருபத்திரண்டு வருடமாக ஒரே வாடகைக் கடை. முன்னால் ஒரு தையல் மெஷின், வெட்டுகிற மேசை, ஆளுயரக் கண்ணாடி. பின்னால் யாரும் குடியிராத இரண்டு அறைகள். தொழிலில் கெட்டிக்காரி, பேரத்தில் பூஜ்யம். கூலியைக் குறைக்கச் சொன்னால் உடனே குறைத்துவிடுவார். குறைத்த கையோடு அந்தத் துணியை அடுக்கின் அடியில் செருகுவார் என்பது வேறு விஷயம். அதில் வஞ்சம் எதுவும் கிடையாது. கை தானாகவே அப்படிப் போகும்.

கடையின் சொந்தக்காரர் திடீரென்று கட்டடத்தை விற்கப் போவதாகச் சொன்னார். பழகிய தோஷத்துக்கு முதலில் அக்காவிடம் கேட்டார். மூன்று மாதம் தவணையும் கொடுத்தார். அதற்குள் வாங்காவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும். வாங்க வேண்டுமென்றால் குடியிருக்கும் வீட்டை விற்க வேண்டும். விற்றுவிட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளுக்குக் குடிபோய்விடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

புருஷன் மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று எண்களைக் குறித்தவர் என்பதால், இடையில் ஒரு ஆள் நிற்பதே அவருக்குப் பிடிக்காது. "வீடு விற்பனைக்கு. தரகர்கள் தேவையில்லை" என்று தன் கைப்பட ஒரு பலகை எழுதி கேட்டில் மாட்டினார். முதல் மாதம் பதினோரு பேர் போன் பண்ணினார்கள். அதில் ஒன்பது பேர் தரகர்கள். மற்ற இருவரில் ஒருவர் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர் பலகையில் இருந்த எழுத்துப் பிழையைச் சொன்னார்.

இரண்டாவது மாதம் பிறந்ததும் மனிதர் இறங்கிவந்தார். ஒன்பது பேரில் கொஞ்சம் நிதானமாகப் பேசிய ஒரு தரகரைக் கூப்பிட்டார். வந்தவர் சட்டைப் பையில் இரண்டு போன். இரண்டும் மாறி மாறி அடித்தன. விலையில் ரெண்டு பர்சன்ட் கமிஷன் என்றார். மீட்டர்காரர் ஒன்று என்றார். தரகர் ஒரு மூச்சு விட்டார், "சரி சார், உங்களுக்காக" என்றார். மீட்டர்காரர் பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்து மீசையைத் தடவினார்.

இவ்வளவு சீக்கிரம் இறங்குகிற ஆளை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற ஆள்தான்.

"தம்பி, உங்க கையில இப்ப எத்தனை வீடு இருக்கு?"

"பதினேழு இருக்குக்கா."

"அதுல எங்க வீடு எத்தனாவது?"

தரகர் சிரித்தார். அடித்த போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்.

"வாங்குறவங்ககிட்ட எவ்வளவு வாங்குவீங்க?"

"அவங்க ஒரு ரெண்டு குடுப்பாங்க."

"அப்ப நீங்க அவங்க ஆளு," என்றார் அக்கா, கோபமே இல்லாமல். பிறகு, மீட்டர்காரர் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கும்படியாக, பேரத்தை மேல்நோக்கிப் பேச ஆரம்பித்தார். தரகர் முதலில் கேட்ட அந்த ரெண்டையே தருவதாகவும், ஆனால் வாங்குகிறவரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது என்றும் சொன்னார். தாங்கள் சொல்லும் விலைக்கு மேலே போனால், மேலே போன பணத்தில் பத்தில் ஒன்று தரகருக்கு. எல்லாவற்றையும் தையல் ரசீதுப் புத்தகத்தில், நீளம், தோள், இடுப்பு என்று அச்சடித்த கட்டங்களுக்குக் குறுக்கே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தரகருக்குத் தொழிலில் எத்தனையோ அனுபவம். கமிஷனைக் கூட்டிக்கொடுத்த பார்ட்டியை அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. போகும்போது ஒரு போனை அணைத்துவிட்டுப் போனார்.

மீட்டர்காரர் இரண்டு நாள் காப்பியைத் தானே போட்டுக் குடித்தார். மூன்றாம் நாள், "நான் இறக்கினதை நீ ஏத்திட்ட" என்று மட்டும் சொன்னார்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பத்தாவதாக வந்தவர் ஒரு பல் மருத்துவர் அம்மா. சொன்ன விலைக்குக் கொஞ்சம் கீழே நின்றார். தரகர் இறங்கவில்லை. கடையின் சொந்தக்காரர் கொடுத்த தவணையில் ஒன்பது நாள்தான் பாக்கி. அப்போதுதான் அந்த அம்மா ஒரு கவுனோடு தையல் கடைக்கே வந்தார். கீழ் மடிப்பைக் கொஞ்சம் ஏற்ற வேண்டுமாம். அளவெடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, தரகரைக் கழற்றிவிட்டால் அவருக்குப் போகும் பணத்தில் பாதியை விலையில் குறைத்துக்கொள்ளலாம், மீதிப் பாதி அக்காவுக்கே மிச்சம் என்றார்.

அக்கா வாயில் குண்டூசி இருந்தது. அது ஒரு வசதி; யோசிக்க நேரம் கிடைத்தது. கடையை வாங்க அந்தக் கணக்கு போதும், இழுத்துப் பிடித்தால் கட்டும். ஒன்பது நாளில் வேறு யார் வரப்போகிறார்கள்? ஆசை வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மண்டியிட்டபடியே மடிப்பில் கடைசி ஊசியைக் குத்தினார்.

"அவர் இல்லன்னா பேரத்தை நான்தான் பேசணும் டாக்டர். நான் பேசுனா விலை இறங்கிடும். அது தெரிஞ்சுதானே நேரா எங்கிட்ட வந்திருக்கீங்க?"

டாக்டர் அம்மா கண்ணாடியில் மடிப்பைச் சரிபார்த்தார். அப்புறம் கவுன் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

அன்றைக்கே அக்கா தரகருக்கு விஷயத்தைச் சொன்னார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார், அவரோ உற்சாகமாகிவிட்டார். வீடு பிடிக்காத ஆள் கவுனைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார் என்பது அவர் வாதம். இரண்டு நாள் யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்றார். அந்த இரண்டு நாளும் மீட்டர்காரர் தூங்கவில்லை. எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தார். மூன்றாம் நாள் காலை டாக்டர் அம்மாவே போன் பண்ணினார். நடந்தே கிளினிக்குக்குப் போய்விடக்கூடிய தூரத்தில் வேறு வீடு கிடைக்கவில்லையாம். சொன்ன விலைக்கு மேலே கொஞ்சம் கொடுத்து முடித்தார். அந்தக் கொஞ்சத்தில் பத்தில் ஒன்று, ஒரு நல்ல மின்விசிறி வாங்கக் காணும். தரகர் அதையும் கறாராகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தவணைக்கு இரண்டு நாள் முன்னதாகக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். அடுத்த மாதம் கடையும் பின் அறைகளும் அக்கா பேருக்குப் பதிவாயின. பின்பக்கச் சாவி கைக்கு வந்ததும் டேப்பை எடுத்துப் பின் அறையை அளந்தார். கட்டில் நாலு அங்குலம் இடித்தது.

"வித்துட வேண்டியதுதான்," என்றார்.

மீட்டர்காரர் சுவரைப் பார்த்தார், கட்டிலின் அளவை எழுதிய சீட்டைப் பார்த்தார். பலகை, பெயிண்ட் என்று கேட்கப் போகிறாரோ என்று அக்கா பயந்தார். அவர் போனை எடுத்தார்.

"தம்பி, நான்தான். நல்ல தேக்குக் கட்டில் ஒண்ணு இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்ச பார்ட்டி யாராவது இருக்காங்களா? உங்களுக்கு ரெண்டு பர்சன்ட். குறைச்செல்லாம் வாங்கிடாதீங்க."