திருநீறு பட்ட மெடல்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா விக்டோரியா ராணி காலத்துப் போர்க்கப்பல்களில் இருபத்தோரு வருடம் மரீன் சிப்பாயாக இருந்தவர். கப்பலிலேயே வாழ்ந்து, தேவைப்பட்டால் கரையிறங்கிச் சண்டை போடுகிற துப்பாக்கிக்காரர்கள்தான் மரீன்கள். இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து தினமும் இதையேதான் பேசுவார்கள். ஒருவர் அவர். இன்னொருவர் என் அப்பா.

அப்பா இந்தியக் கடற்படையில் பதினைந்து வருடம் இருந்தவர். அம்மா போன பிறகு கிரீன் கார்டு வாங்கிக் கூட்டி வந்தேன். முதல் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. நான் மலை தாண்டி டிரைவ் பண்ணி ஆபீஸ் போய்த் திரும்பும்வரை டிவி முன்னால் இருப்பார். சில நாள் அதைப் போடாமலேயே பார்த்துக்கொண்டிருப்பார். "ஊருக்கு டிக்கெட் போடு" என்பது மட்டும்தான் பேச்சு. சென்னையில் பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டில் இவரைத் தனியாக உட்காரவைக்க எனக்கு மனசில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாக்கிங் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. அந்த மனிதருக்குக் கோயில் கட்டவே நான் தயாராக இருந்தேன்.

கொள்ளுத்தாத்தாவுக்கு எகிப்துப் போருக்காகக் கிடைத்த வெள்ளி மெடல் அவரிடம் இருந்தது. ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் ஸ்பிங்க்ஸ், விளிம்பில் சிப்பாயின் பெயரும் கப்பலின் பெயரும். எல்லாம் கறுத்துப் போய், ராணியின் மூக்கு எது வாய் எது என்று தெரியாது. ஒருமுறை மகள் வீட்டுக்குப் போகும்போது, "லென்ஸ் வைத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள்" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா படிப்பதோடு நிற்கவில்லை. பூஜை அலமாரியிலிருந்த திருநீற்று டப்பாவை எடுத்து, ஈரத் துணியில் தொட்டுத் தொட்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்திருக்கிறார். நம் வீடுகளில் வெள்ளிச் சாமானுக்கெல்லாம் அதுதானே வைத்தியம்! மெடல் புதுச் சிமிழ் மாதிரி மின்னியது.

திரும்பி வந்தவர் அதைக் கையில் வாங்கினார். முகம் அப்படியே வாடிவிட்டது. பழைய மெடலை யாரும் தேய்க்க மாட்டார்கள், அந்தக் கறுப்புதான் அதன் வயசு, தன் அப்பா இதைத் தனக்குக் கறுப்பாகத்தான் கொடுத்தார் என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகச் சொன்னார். போட்டுவைத்த காபியைத் தொடாமல் போய்விட்டார்.

நான்கு நாள் வாக்கிங் இல்லை. ஐந்தாம் நாள் அப்பா ஆரம்பித்தார். "டிக்கெட் பாரும்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருப்பா உங்கள அதத் தேய்க்கச் சொன்னா? ஒரு சாரி சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?"

"நான் என்ன தப்பு பண்ணேன்? மெடல்னா மின்னணும்." பிறகு, "ஜனவரி இருபத்தாறுக்கு முன்னாடி உங்கம்மா இப்பிடித்தான் தேய்ச்சு வெப்பா" என்றார்.

அன்றைக்கே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அம்மா வருஷா வருஷம் திருநீறு போட்டு மெடல்களைத் தேய்த்த கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அவரே வந்தார், மெடலோடு. கொள்ளுத்தாத்தா இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் இதைத் தேய்த்துத்தானே மாட்டியிருப்பார், கறுக்கவிட்டது தங்கள் குடும்பம்தான் என்றார். பிறகு அப்பாவிடம், "உங்கள் மெடல்கள் எங்கே?" என்று கேட்டார்.

அவை சென்னை பீரோவில் இருக்கின்றன என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு கைக்குட்டை மூட்டையைக் கொண்டுவந்தார். மூன்று மெடல்கள், ஒளி மங்கி. எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"இந்த முறை நான் தேய்க்கிறேன்" என்று சிரித்தபடி அவர் திருநீற்று டப்பாவைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மெடலை நோக்கி அவர் கை நீண்டதும் அப்பா சட்டென்று மூன்றையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"வேணாம்" என்றார், தமிழில். "அது அவ தேய்ச்சப்போ ஒட்டினது."

நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டப்பாவை மூடி வைத்தார்.

அப்பா மேஜையிலிருந்த அந்த வெள்ளி மெடலை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். துளிக் கறுப்பு இல்லாமல் பளபளத்தது.

"ஐ ஆம் சாரி" என்றார். "வெரி சாரி."

பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியை அப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா கைக்குட்டையை முடிந்துகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காபி போடும்மா. அவருக்குச் சக்கரை வேணாம்."